வாரத்துக்கு இரண்டு ராத்திரி

மலையில் ஒரு வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடும் ஆசை இந்த வருஷம் நிறையப் பேரைப் பிடித்திருக்கிறது. வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான். கொடைக்கானல் பெருமாள்மலைப் பக்கம் இரண்டு அறைகளை ஒன்பது வருஷமாக நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கொடைக்கானலில் 60 லட்சத்துக்கு ஒரு காட்டேஜ் பார்த்திருக்கிறேன். 50 லட்சம் கடன் கிடைக்கும். ஒரு ராத்திரிக்கு 4,000 ரூபாய் என்றால் மாதம் 1,20,000 வரும். தவணை போக மிச்சமே பாதிக்கு மேல். சரிதானே?
— மென்பொருள் ஊழியர், கோவை

தம்பி, உங்கள் கணக்கில் மாதத்துக்கு முப்பது ராத்திரி. மலையின் கணக்கில் வாரத்துக்கு இரண்டே ராத்திரி: வெள்ளி, சனி. ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டதும் எல்லோரும் வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கிவிடுவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் காட்டேஜில் தங்குவது மேகம்தான்.

ஒரு வருஷத்தில் 52 வாரம், 104 ராத்திரி. இதில் கனமழை வாரங்களும் பரீட்சை வாரங்களும் கழியும். ஏப்ரல், மே சீசனில் வார நாட்களும் கொஞ்சம் நிறையும். இரண்டையும் சேர்த்து 110 ராத்திரி என்று வையுங்கள். புது வீட்டுக்கு அதுவே நல்ல வருஷம். 4,40,000 ரூபாய் வரும். புக்கிங் தளத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து கொடுத்தால் மிச்சம் 3,74,000. வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 12,000 என்றால் 1,44,000. சலவை, கரண்ட், கேஸ், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 700 என்றால் 77,000. பெயின்ட், கீஸர், ஓடு மாற்றுதல் என்று 60,000. கடைசியில் கையில் நிற்பது 93,000.

50 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் 20 வருஷத் தவணை மாதம் 45,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வருஷத்துக்கு 5,40,000. ஆக, மாதாமாதம் 37,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து மலையேறும். அந்த 93,000 தாங்கக்கூடிய கடன் எட்டரை லட்சம்தான். மீதியைக் கைக்காசாகப் போட முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், வருஷத்துக்குப் பத்து நாள் வந்து என் வீட்டிலோ வேறொருவர் வீட்டிலோ நிம்மதியாகத் தங்கிவிட்டுப் போங்கள். இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள்: பத்திரப்பதிவு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 60 லட்சத்துக்கு அதுவே 5,40,000.

மலையில் நிலம் மலிவாக வருகிறது, பட்டா இருக்கிறது என்கிறார் புரோக்கர். வேறு என்ன பார்க்க வேண்டும்?
— ஜவுளிக்கடை உரிமையாளர், மதுரை

முதலில் அந்தப் பட்டா என்ன பட்டா என்று பாருங்கள். நிலமற்ற ஏழைகளுக்கு அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலத்துக்கும் பட்டா உண்டு. கண்டிஷன் பட்டா என்பார்கள். பஞ்சமி நிலத்துக்கும் உண்டு. 1892ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே ஒதுக்கிய நிலம் அது. பிறர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. செல்லாவிட்டால் போகட்டும் என்று விடுகிற காரியமும் இல்லை. ஒரு குடும்பத்தின் வயிற்றில் கைவைத்த பாவமும் சேர்ந்து வரும். ஏ-பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். தாய்ப்பத்திரம் கேளுங்கள். 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பாதை. மலையில் வீடு உங்களுடையதாக இருக்கும், வீட்டுக்குப் போகும் பாதை அடுத்தவர் பட்டாவில் இருக்கும். விற்பவர் காலத்தில் மாமன் மச்சான் உறவில் கார் போயிருக்கும். நீங்கள் வாங்கிய மறுமாதம் நடுவில் ஒரு பூட்டுப் போட்ட கேட் முளைக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு பாதையை நடந்தே பாருங்கள். மழை நாளில் நடந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே மண் சரிகிறது என்று மலையே காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டடம் நிற்கிற மனை என்றால் அனுமதி வரைபடத்தை வாங்கி, நிற்கிற சுவரோடு ஒப்பிடுங்கள். மலை ஊர்களுக்கு 1993 முதல் தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. சமவெளிக் கணக்கு இங்கே எடுபடாது. 2019ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலில் விதி மீறிய கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தார்கள். வீடு என்று அனுமதி வாங்கி லாட்ஜ் நடத்தியவர்களும் அதில் மாட்டினார்கள். கடன் வாங்கிக் கட்டியவர்கள் ரோட்டில் நின்று சீலைப் பார்த்துக்கொண்டிருந்ததை மறக்க முடியாது. ‘இங்கே எல்லோரும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்’ என்று புரோக்கர் சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

சொந்தமாக வாங்காமல் ஒருவர் வீட்டை வாடகைக்கு எடுத்து, அதை நாள் வாடகைக்கு விடலாமா?
— பட்டதாரி, தேனி

விடலாம். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி அந்தச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை கிடையாது. ‘தாராளமா நடத்துங்க தம்பி’ என்று டீக்கடையில் சொன்னது ஒப்பந்தம் ஆகாது. வாங்க வசதி உள்ளவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்: ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து நடத்திப் பாருங்கள். ஒரு மே மாதத்தையும் ஒரு நவம்பரையும் பார்க்காதவர் மலையில் வீடு வாங்கக் கூடாது.

இ-பாஸ் வந்த பிறகு ஆள் வரத்து குறைந்துவிட்டதாமே?
— வங்கி ஊழியர் (ஓய்வு), திருச்சி

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. ‘டேய், கிளம்புங்கடா’ என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிவெடுத்து வருகிற கூட்டம் இதனால் குறையும். முன்கூட்டியே யோசித்து, இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களை நம்புங்கள். புக்கிங் உறுதியான நிமிஷமே இ-பாஸ் எடுக்கும் வழியைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். கேட் வரை வந்து திரும்பிப் போன குடும்பம் உங்களைத்தான் திட்டும். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவர ஒரு ஆட்டோக்காரரைப் பேசி வையுங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரம்பு வேண்டும். மே மாத ஞாயிறுகளில் ஏரிச்சாலையில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றதைப் பார்த்தவன் நான். மலை மூச்சுவிட்டால்தான் நம் வீட்டுக்கும் ஆள் வருவார்கள்.

என் கணவர் காலமான பிறகு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. நான் கீழே இருக்கிறேன். இதை ஹோம்ஸ்டே என்று நடத்த முடியுமா?
— வாசகி, ஏற்காடு

அம்மா, ஹோம்ஸ்டே என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உங்கள் வீட்டுக்குத்தான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 படுக்கைகள் வரை பதிவு செய்யலாம். வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. ஆளில்லாத வீட்டுக்குப் பூட்டும் சாவியும் போட்டுவிட்டு ஹோம்ஸ்டே என்று பலகை மாட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் வங்கியில் கேளுங்கள்.

வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுப்பது சட்டக் கட்டாயம். யாரை வேண்டாம் என்று மனசு சொல்கிறதோ அவர்களுக்கு ‘அறை இல்லை’ என்று சொல்லுங்கள். தனியாக இருக்கும் உங்களுக்கு அந்த உரிமை முழுசாக உண்டு. காலையில் ஆப்பம் ஊற்றிக் கொடுங்கள். அந்த ஆப்பத்துக்காகவே திரும்ப வருவார்கள்.

யாரும் சொல்லாத செலவு எது?
— வாசகர், ஈரோடு

பெட்ஷீட். ஈரோட்டிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது ரொம்பப் பொருத்தம். கட்டிலுக்கு இரண்டு செட் போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அக்டோபரில் மூடுபனி இறங்கினால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மடித்து அலமாரியில் வைத்தால் மறுநாள் ஈரநாய் வாசம் அடிக்கும். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா விரலால் தொட்டுப் பார்க்கவே மாட்டார். துணியை எடுத்துக் கன்னத்தில் வைப்பார். கன்னம் சில்லென்றால் ஈரம் என்று அர்த்தம், திரும்பக் கொடிக்குப் போகும். கட்டிலுக்கு நான்கு செட் வாங்குங்கள், கெட்டியான வெள்ளைப் பருத்தியில். வெள்ளை அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்பதால்தான் வெள்ளை. கலர் ஷீட்டில் கறை தெரியாது என்று மகிழ்கிறவர் வீட்டில் விருந்தாளி நிம்மதியாகப் படுக்க மாட்டார். மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பூஞ்சை சுவரிலிருந்துதான் ஏறும்.

கேர்டேக்கர்கள் நிலைப்பதே இல்லை. இரண்டு வருஷத்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள். என்ன செய்வது?
— காட்டேஜ் உரிமையாளர், கோத்தகிரி

சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதை நீங்கள் எழுதவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது. முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஜூலையில் ஆள் வரவில்லை என்று அக்காவுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகஸ்டில் பூம்பாறையில் பூண்டு வேலைக்குப் போய்விட்டார். செப்டம்பர் சீசன் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மதுரைக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு வந்து நின்றபோது வீட்டில் வெந்நீர் இல்லை, விளக்கு இல்லை, சாவி எங்கே என்று தெரியவில்லை. மறுநாள் பூம்பாறைக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து பன்னிரண்டு மாதமும் முழுச் சம்பளம். ஒவ்வொரு ராத்திரி வாடகையிலும் நூறு ரூபாய் அவருக்குத் தனி. விருந்தாளி கொடுக்கும் டிப்ஸில் நான் கண் வைப்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு. ரிவ்யூவில் ‘அந்த அக்கா’ என்று யாராவது எழுதினால் அதை அவருக்குப் போனிலேயே படித்துக் காட்டுகிறேன்.  உங்களுக்கும் விருந்தாளிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மனுஷிதான் உங்கள் தொழில். அவரைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள், பங்காளி என்று எழுதுங்கள்.

விருந்தாளிகள் பார்பிக்யூ அடுப்பு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், ஊட்டி

திறந்த வெளியில், உங்கள் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்து, அடுப்பை உங்கள் ஆளே எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னல் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனது கொடைக்கானலிலேயே நடந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமலும் வராது. தூக்கத்தோடு தூக்கமாக உயிர் போய்விடும். ஆகவே ‘உள்ளே கொண்டுபோகாதீர்கள்’ என்று பலகை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கூடுதல் கம்பளி கொடுங்கள், வெந்நீர்ப் பை கொடுங்கள். குளிர் அடங்கினால் யாரும் அடுப்பைத் தேட மாட்டார்கள்.

குரங்குத் தொல்லைக்கு வழி?
— வாசகி, குன்னூர்

ஜன்னலுக்கு வலை, குப்பைத் தொட்டிக்குப் பூட்டு, விருந்தாளிக்கு ஒரே வாக்கியம்: ‘பழத்தை வெளியே காட்டாதீர்கள்.’ கொடைக்கானலில் காட்டுமாடும் ஊருக்குள் வரும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் முற்றத்தில் இறங்க வேண்டாம் என்று செக்-இன் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?
— வாசகர், சேலம்

உங்கள் மொத்த வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர்களின் அறைக்கு, தளம் வழியாக வரும் புக்கிங்கில் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இதைவிட நீங்கள் பயப்பட வேண்டியது மின்வாரியத்துக்கு. எந்தக் கட்டணப் பிரிவு என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடந்ததாகப் பிடித்தால், மின்சாரச் சட்டப்படி இரு மடங்குக் கட்டணம் விழும்.

வீடு தயார். நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள். ‘மிஸ்ட் வேலி’ என்கிறாள் மகள்.
— தம்பதியர், திண்டுக்கல்

மகளின் ரசனை நல்லதுதான். ஆனால் மிஸ்ட் வேலி, மிஸ்டி ஹில்ஸ், க்ளவுட் வியூ என்று மலை முழுக்க நிறைந்து கிடக்கிறது. ராத்திரி வருகிற டிரைவர் இவற்றில் எதையாவது தேடி அடுத்த மலைக்குப் போய்விடுவார். வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பேரிக்காய் மரமா, பழைய கிணறா, வளைவில் பிள்ளையார் கோயிலா? அதை வைத்துக் கூப்பிடுங்கள். ‘பேரிக்காய் வீடு’ என்றால் டீக்கடைக்காரரும் வழி சொல்வார். பலகையைப் பெரிய எழுத்தில் எழுதி, திரும்ப வேண்டிய வளைவுக்கு நூறு அடி முன்னால் நடுங்கள். வளைவிலேயே நட்டால் வண்டி தாண்டிப்போன பிறகுதான் பலகை கண்ணில் படும்.