இன்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

கேள்வி: கார் நன்றாக ஓட்டுவேன். சின்ன விமானம் ஓட்டுவதும் சுலபமாக வந்துவிடும்தானே? (ஒரு கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

பதில்: முதல் நாள் தகராறே அங்கேதான்! ரன்வேக்குப் போகும் வழியில் விமானத்தைத் திருப்புவது கை அல்ல, கால். வலது ரட்டர் பெடலை மிதித்தால் மூக்குச் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். காருக்குப் பழகியவரோ எதிரே ஸ்டீயரிங் மாதிரி இருக்கும் யோக்கைப் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்குவார். இறக்கை ஓரத்துத் தட்டு மேலும் கீழும் ஆடும். விமானம் நேராகப் புல்தரையைப் பார்த்துப் போகும். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டால் கதை முடிந்ததா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: இல்லை. பெடல் மிதிக்காமல் மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மாதிரி, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டு விமானம் சறுக்கி வரும். 1955இல் முதன்முதலாகப் பறந்து, இதுவரை 44,000க்கும் மேல் தயாரான செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில், 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றாலும் அது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் போகும். அதற்குள் ஒரு வயல்வெளியைப் பார்த்து இறங்கலாம். முதலில் சறுக்கும் வேகத்தைப் பிடி, அடுத்து இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடு, அதன் பிறகு இன்ஜின் ஏன் நின்றது என்று தேடு. இந்த வரிசையை மாணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்வரை இன்ஸ்ட்ரக்டர் விடமாட்டார்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அதன் பெயர் ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுமீறிப் போனால், தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். இன்ஜின் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும். தப்பிக்கும் வழி, மூக்கைக் கீழே இறக்குவது. ஆனால் தரை நெருங்கி வருவதைப் பார்த்த மனுஷக் கை தன்னையறியாமல் யோக்கை இழுக்கத்தான் செய்யும். அந்தக் கையைத் திருத்தத்தான் நல்ல உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே ஸ்டால் செய்து, மீண்டும் மீண்டும் பழக்குகிறார்கள். விமானத்தை 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால், ஸ்டால் ஆகும் வேகமே 40 சதவீதம் கூடிவிடும். ரன்வேயைத் தாண்டிப் போய்விட்டோமே என்ற பதற்றத்தில், தாழ்வான உயரத்தில் கடைசித் திருப்பத்தை இறுக்குகிறவர்கள் அங்கேதான் உயிரை விடுகிறார்கள். அந்த நேரத்தில் இறங்குவதைக் கைவிட்டு, மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி வருவதே கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, வேண்டுதலா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: சோதனை! இறக்கைக்கு அடியில் சின்னக் கண்ணாடிக் குவளையை வைத்துக் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பார்கள். 100எல்.எல். விமானப் பெட்ரோலுக்கு நீல நிறச் சாயம் உண்டு. தண்ணீர் கலந்திருந்தால், அது கனமானதால் நிறமில்லாமல் அடியில் தனியாக நிற்கும். குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆளை ஏமாற்றிவிடும். அதனால்தான் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நீலம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டிய பெண் உண்டா? (பள்ளி ஆசிரியை, நாமக்கல்)

பதில்: உண்டு. சரளா தக்ரால், 1936இல், 21 வயதில், சேலையோடு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸ் ஜே.ஆர்.டி. டாடாவுக்குக் கிடைத்து அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கேள்வி: இத்தனூண்டு விமானம் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கும்? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ராபர்ட் டிம், ஜான் குக் இருவரும் ஒரு ஹோட்டல் விளம்பரத்துக்காக செஸ்னா 172இல் 1958 டிசம்பரில் கிளம்பினார்கள், 1959 பிப்ரவரியில்தான் தரை இறங்கினார்கள். 64 நாள், 22 மணி, 19 நிமிடம்! சாலையில் ஓடும் லாரிக்கு மேலே தாழப் பறந்து, குழாய் வழியாக எரிபொருள் ஏற்றிக்கொண்டார்கள். ஓர் இரவு டிம் ஓட்டியபடியே தூங்கிவிட, ஆட்டோபைலட் விமானத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டது. விமானம் தாங்கியது, மனிதர்தான் தளர்ந்தார். தூக்கம் குறைவான நாளில் பறக்காதே என்று சொல்லித்தருவது சும்மா இல்லை.

கேள்வி: மகளுக்கு விமானம் ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: இந்தியாவில் 16 வயதில் மாணவர் லைசென்ஸ் வாங்கலாம். சொந்த விருப்பத்துக்குப் பறக்கும் தனியார் லைசென்சுக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். ஆனால் அதை வைத்துச் சம்பாதிக்க முடியாது. வேலைக்கான கமர்ஷியல் லைசென்சுக்கு 18 வயது, 200 மணி நேரம். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை; போட்ட பிறகு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிகிறாரா என்றும் சோதிப்பார்கள்.

செலவு லட்சக்கணக்கில் ஆகும். எனவே ஒரு ரூபாய் கட்டும் முன்பே மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். பயிற்சிப் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நேரில் போய், எத்தனை விமானங்கள் இப்போது பறக்கும் நிலையில் இருக்கின்றன என்று கேளுங்கள். மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள்.