தேதி முத்திரை

எங்கள் சுங்குவார்சத்திரத்துக் கம்பெனிகளிலிருந்து ஒரு நட்டு வெளியே போவதென்றாலும் தேதி அடித்து, பேட்ச் நம்பர் போட்டு, குவாலிட்டிக்காரர் பார்த்த பிறகுதான் லாரி ஏறும். நம்முடைய ஆங்கிலச் சேனல்களின் செய்தி அறையும் அப்படியொரு லைன்தான். என்ன, அங்கே ஓடுவது பிணம். எல்லாப் பிணத்துக்கும் முத்திரை கிடைத்துவிடாது. அங்கே குவாலிட்டி ரொம்பக் கறார்.

அச்சு அமெரிக்காவிலிருந்து இறக்குமதி. மாதத்தை முன்னால் எழுதுவது அவர்கள் வழக்கம். ஆகவே 2001 செப்டம்பர் 11-ஐ 9/11 என்றார்கள். அவர்கள் ஊர், அவர்கள் துக்கம். 2006 ஜூலை 11 மாலை, மும்பையில் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களின் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உடனே நம்மவர்கள் வைத்த பெயர் 7/11. நம் வீட்டுக் காலண்டர்படி அது நவம்பர் 7. போனால் போகிறது, நியூயார்க் வரிசையில் நமக்கும் ஓர் இடம் கிடைத்ததே! இரண்டு வருடம் கழித்து, 2008 நவம்பர் 26-இல் மும்பைத் தாக்குதல். இந்த முறை 11/26 என்று சொல்லவில்லை. திடீரென்று இந்திய முறை நினைவுக்கு வந்து 26/11 ஆயிற்று. நாள் முன்னால் வந்தாலும் சரி, மாதம் முன்னால் வந்தாலும் சரி, வாயில் பதினொன்று என்று முடிந்தால் போதும். துக்கத்துக்கும் இயைபு வேண்டியிருக்கிறது.

அந்த 26/11-இல் செத்தவர்கள் 166 பேர். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேல். கேமராக்கள் தவம் கிடந்தது தாஜ் ஓட்டல் வாசலில். ரயிலுக்குக் காத்திருந்தவன் சாவு என்ன பார்க்க அழகாகவா இருக்கும்? கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதுவரை நேரலையில் காட்ட, பாகிஸ்தானில் உட்கார்ந்து போனில் கட்டளையிட்டவர்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாக்கியவர்களில் ஒருவனான கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சேனல்களை இதற்காகக் காறித் துப்பாத குறையாகக் கண்டித்தது. துடைத்துக்கொண்டு அடுத்த நவம்பரில் மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

முத்திரை கிடைக்காதவர்களைப் பாருங்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொழும்பு விமானத்தைக் குறிவைத்த குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் செத்தார்கள். 2/8 என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? மாலேகானில் குண்டு வெடித்தது 2008 செப்டம்பர் 29, மும்பைத் தாக்குதலுக்கு இரண்டே மாதம் முன்னால். செத்த ஆறு பேரும் விசைத்தறி ஊரில் செத்தவர்கள். 29/9 என்ற முத்திரைக்கு அந்தப் பின்கோடு போதாது.

தேதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதற்கு முந்தின நாள் கிடையாது. கோவையில் 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகளில் 58 உயிர்கள் போயின. கதை அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 1997 நவம்பர் கடைசியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதையும், தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்ததையும் பேச வேண்டியதில்லை. 58 பேரைக் கொன்றவனுக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் அந்தப் பதினெட்டுப் பேர் எந்த லைனிலும் ஏறாத ரிஜெக்ட் சரக்கா?

எங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு நடந்ததற்கு 'ராஜீவ் படுகொலை' என்று பெயர். முன்னாள் பிரதமர், பெயரில் குற்றம் சொல்வதற்கில்லை. அவரோடு ஒன்பது போலீஸ்காரர்கள் செத்தார்கள், எஸ்.பி. முகமது இக்பால் உட்பட. ராஜீவுக்குக் கவிதை படித்துக்காட்ட வந்த சிறுமியும் அவள் தாயும் செத்தார்கள். ஷிப்ட் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஒரு காவலரின் பெயரைக்கூட எந்தச் சேனலும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

மே 21 இன்று பயங்கரவாத எதிர்ப்பு நாள். அரசு அலுவலகங்களில் கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அதே வழக்கில் 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது கொலை, கொலைச்சதி; ஆனால் தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் இல்லை என்று தீர்ப்பளித்தது. காலண்டர் ஒன்று சொல்ல, சட்டம் இன்னொன்று சொல்ல, ஆங்கர் ஒருத்தருக்காவது வியர்த்ததா? தீர்ப்பைப் படித்தால்தானே வியர்க்கும்!

அந்த 7/11 என்ன ஆயிற்று? கீழ்க்கோர்ட் தண்டித்த 12 பேரையும் 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு முழுக்கத் தவறிவிட்டது என்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, இருக்கட்டும். பன்னிரண்டு பேரில் தூக்குத்தண்டனைக் கைதி ஒருவர் 2021-லேயே சிறையில் செத்துப்போயிருந்தார். பத்தொன்பது வருடம் அவர்களைப் 'பயங்கரவாதிகள்' என்று பெயரிட்டுத் திரையில் வட்டம் போட்டுக் காட்டிய வாய்கள், 'குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்று சொல்ல அன்று ஒருநாள் நாக்கை மடித்துப் பார்த்தன. மறுநாளே வேறு விவாதம், வேறு வட்டம். ரயிலில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு, குண்டு வைத்தவன் யார் என்று சொல்ல ஆளில்லை. கையில் இருப்பது அந்த நம்பர் மட்டும், அதுவும் அமெரிக்கக் கணக்கில்.