பழைய பூமராங் சேகரிப்பது எப்படி? ஏழு சுலப வழிகள்

தபால்தலை, நாணயம், வால்வு ரேடியோ எல்லாம் இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வருகிறவர் வாசலிலேயே நின்று "இது என்ன சார்?" என்று கேட்க வேண்டுமானால், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கையால் செதுக்கிய பழைய மர பூமராங் ஒன்று சுவரில் தொங்கியாக வேண்டும். கீழ்க்கண்ட வழிமுறைகளை வரிசை மாறாமல் கடைப்பிடித்தால், பணமும் பூமராங்கும் ஒரே சமயத்தில் தீர்ந்துபோகும்.

1. எறிந்து பார்த்து வாங்குங்கள். திரும்பி வந்தால் அசல், வராவிட்டால் போலி என்று அடித்துப் பேசுங்கள். வேட்டைக்கும் சண்டைக்கும் செய்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி வராதவை. கங்காருவின் காலை முறித்த பிறகு அது திரும்பி வந்து என்ன செய்யப்போகிறது? மத்திய ஆஸ்திரேலியாவில் 7 என்ற எண்ணைப் போலக் கொக்கி வைத்த ஒரு வகை உண்டு; அதுவும் வராது. நூறு வருடம் காய்ந்த மரம் சிமென்ட் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நேரிலேயே தெரிந்துகொள்வீர்கள்.

2. பளபளப்பானதையே எடுங்கள். செதுக்குகிறவர் முல்கா மரத்தில் அடிமரம் வேராக வளையும் இடத்தைத் தேடி வெட்டுவார். அதனால் மர ரேகையும் வளைவோடு சேர்ந்தே ஓடும், வளைவில் மரம் ஒடியாது. பலகையில் அறுத்த போலியில் ரேகை நேராக ஓடி, வளைவில் அறுபட்டு நிற்கும். நல்ல பொருளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் வாய்ச்சி கொத்திய தடங்கள் தெரியும். நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசப்படும். பள்ளத்தின் அடியில் காவி ஒட்டியிருக்கும். இதெல்லாம் சுத்தமில்லாத வேலை என்று ஒதுக்கிவிடுங்கள்.

3. "ஆயிரம் வருஷத்துப் பழசு" என்றால் உடனே நம்புங்கள். தென் ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பு நிலத்தில் 1973-இல் கிடைத்த பூமராங்குகள் சுமார் 10,000 ஆண்டு பழமையானவை. நீர் தேங்கிய கரிமண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் அவை மக்காமல் தப்பின. கடைக்காரரின் பரணிலும் அப்படியொரு சதுப்பு நிலம் இருக்கலாம், யார் கண்டது?

4. விலையை மட்டும் பாருங்கள். 2017-இல் ஷனேல் நிறுவனம் 1,325 டாலருக்கு ஒரு பூமராங் விற்றது; பழங்குடியினரின் பண்பாட்டைக் காசாக்குவதாகக் கண்டனம் எழுந்தது. 'கையால் செய்தது' என்று சீட்டு ஒட்டியிருந்தால், யாருடைய கை என்று கேட்காதீர்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங் முதலான பொருட்களைப் பழங்குடிக் கலை என்று நம்பும்படி விற்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தக் கேள்வியை நீதிபதிகள் கேட்டுக்கொள்வார்கள்.

5. வாங்கியதும் குளிப்பாட்டுங்கள். ஈரத்துணியில் சிவப்பாக ஒட்டுவது அழுக்கல்ல, அசல் காவி. முழுவதும் போகும்வரை தேய்க்கவும். பிறகு உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய், இரண்டு கோட் வார்னிஷ். எண்ணெய் நாளடைவில் கறுத்து, பிசுபிசுத்து, தூசியைச் சேர்க்கும்; பழமை தானாகவே வந்துவிடும். ஏசிக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டினால் விரிசலும் கிடைக்கும். சோம்பேறிகள்தான் காய்ந்த மென்தூரிகையால் தூசு தட்டி, வெயில் படாமல் படுக்கவைத்து, பூச்சி அரித்தால் பாலிதீனில் இறுகக் கட்டி ஆழ்உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைப்பார்கள். பழைய அருங்காட்சியகச் சரக்கில் பூச்சிக்கு ஆர்சனிக் தடவியிருக்கக்கூடும் என்று கையுறை வேறு மாட்டுவார்கள்.

6. விருந்தினரிடம் வளரியைப் பற்றி அளந்துவிடுங்கள். வளரி நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அதை எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு முனை மெலிந்து மறுமுனை கனத்த அந்த ஆயுதம் எதிரியை வீழ்த்திவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும் என்று கூசாமல் சொல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அசலைக் காட்டிவிடாதீர்கள்; கதை கெட்டுவிடும்.

7. செய்தவர் பெயரை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். நீர்வண்ண ஓவியராகப் புகழ்பெறுவதற்கு முன் ஆல்பர்ட் நமட்ஜிரா ஹெர்மன்ஸ்பர்க்கில் பூமராங்குகளில் சூட்டுக்கம்பியால் படம் வரைந்து விற்றார். சிட்னியின் லா பெரூஸில் ஜோ டிம்பரியும், மெல்போர்ன் அருகே பெல்கிரேவில் 1950-களில் கடை நடத்திய பில் ஓனஸும் பூமராங் செய்வதிலும் எறிவதிலும் பெயர் பெற்றவர்கள். பெயர் தெரிந்தால் அது ஒருவருடைய உழைப்பாகிவிடும். தெரியாதவரை சுவருக்கு ஏற்ற வளைந்த கட்டைதான்.

இனி விளையாட்டில்லை. யார் செய்தது, எந்த ஊர், எந்தச் சமூகம், எப்போது, யாரிடம் வாங்கியது என்று ஓர் அட்டையில் பென்சிலால் எழுதிப் பூமராங்கோடு கட்டி வையுங்கள். ஆஸ்திரேலியாவை விட்டுப் பழைய பொருளை எடுத்துவருவதானால், 1986-ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுப் பொருள் சட்டப்படி அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். பழசுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், இன்றும் செதுக்குகிற பழங்குடிக் கலைஞர்களிடமோ அவர்கள் நடத்தும் கலை மையங்களிலோ வாங்குங்கள். அங்கே பெயரை நீங்கள் கேட்கக்கூட வேண்டாம். அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.