யானைக்கு ரியூசன் எங்கே?

கேள்வி: யானைவேலி போட்டும் ஊருக்குள் யானை வருகிறதே, இந்த வித்தையெல்லாம் அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?
– ஒரு வாசகி, குச்சவெளி

பதில்: முதல் வாத்தியார் நாம்தான்! கம்பியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் என்று நாம் நடத்திய பாடத்தை அது ஒழுங்காகப் படித்தது. மிச்சத்தைத் தானே கண்டுபிடித்தது. கம்பியில் கை வைக்காமல் வேலிக்கட்டையை மட்டும் காலால் மிதித்துச் சாய்க்கும். காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பியின்மேல் போடும். இந்திய ஆண் யானை பலதும் தந்தத்தால் கம்பியை அறுத்துவிடும், தந்தத்தில் கரண்ட் ஏறாது. இலங்கையில் தந்தமுள்ளவை மிகக் குறைவு, ஆகவே இங்கே காலும் மரமும்தான் கருவி. தாய்க்கூட்டத்தைப் பிரிந்த இளம் ஆண்கள் மூத்த ஆண்களோடு சேர்ந்து திரியும். ரியூசன் அங்கேதான்! யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ வேலியைக் காட்டுக்குள் போடாமல், ஊரையும் வயலையும் சுற்றிப் போடச் சொல்வது அதனால்தான்: ஆளும் பேருமாய்க் காவல் இருக்கும் வேலியில் யானை வாலாட்டுவது கஷ்டம்.

உங்கள் கடற்கரை ஆமைக்குஞ்சுக்கோ வாத்தியாரே கிடையாது. பொரித்ததும் வெளிச்சமான பக்கம் ஓடு என்று பிறவியிலேயே எழுதியிருக்கிறது. முன்பு அந்த வெளிச்சம் கடல். இன்று ஹோட்டல் விளக்கு. பாவம், அதற்குப் பாடத்தை மாற்றிப் படிக்க நேரமில்லை. குஞ்சு பொரிக்கும் நாட்களில் கடலைப் பார்த்த விளக்குகளையாவது அணைத்துவிடுங்கள், அக்கா.