எல்.கே.ஜி. அப்பா

சென்னையில் எந்த அடுக்ககத்தின் லிப்டில் ஏறினாலும் இவர் இருப்பார். கையில் கீரைக்கட்டு, முகத்தில் தூக்கமின்மை. "சார், உங்க பையன் சி.பி.எஸ்.இ.யா, ஸ்டேட் போர்டா?" பதில் சொல்வதற்குள் நம் மாடி தாண்டிப் போய்விடும். இவருடைய பெண்ணுக்கு வயது இரண்டரை.

இவரிடம் ஓர் எக்செல் ஷீட் உண்டு. பள்ளி, போர்டு, ஃபீஸ், வேன், நீச்சல் குளம். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதற்குத் தனிக் கட்டம். மெட்ரிக் பள்ளிகளுக்கென்று ஒரு பிரிவு வைத்திருந்தார். 2011-லேயே சமச்சீர்ப் பாடத்திட்டம் வந்து புத்தகமெல்லாம் ஒன்றாகிவிட்டதே என்று யாரோ சொன்னதும் அழித்தார். கௌரவம் இடிக்கவே, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பப் போட்டார்.

வயதுக் கணக்கு இன்னொரு தலைவலி. ஒன்றாம் வகுப்பில் சேர மாநிலத்தில் ஐந்து வயது போதும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. நடுவில் இருக்கும் அந்த ஒரு வருஷத்தைக் குழந்தை எங்கே போய்க் கழிக்கும் என்று இவர் புலம்ப, சாய்வு நாற்காலியிலிருந்து இவருடைய அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "உன்னை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாங்க. தொட்டே. சேத்துக்கிட்டாங்க. நானும் ஆபீசுக்குப் போயிட்டேன்."

கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஒதுக்கியிருப்பதையும் விசாரித்தார். வருமான வரம்பைப் படித்துவிட்டு, சம்பள உயர்வு கேட்டு வாங்கிய நாளை நொந்துகொண்டார். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமும் பணமும் வேண்டும் என்பது இவருக்குத் தோன்றுவதில்லை. இவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, தெருக்கோடி மாநகராட்சிப் பள்ளியில் பேத்தியைச் சேர்த்துவிட்டு, காலைச் சிற்றுண்டி அங்கேயே கிடைக்கிறது என்ற நிம்மதியோடு வேலைக்கு வந்துவிடுகிறார்.

பிறகுதான் இவருக்குப் பள்ளியே வேண்டாம் என்று ஞானோதயம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாமாம். ஆக, பாதை தெளிவு. இடைப்பட்ட பதினொன்றரை வருஷம்தான் பாக்கி. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த கதையை வாட்ச்மேனுக்குச் சொன்னார். அவர் கேட் திறக்கப் போய்விட்டதால் கூரியர் பையனுக்கும் சொன்னார். மரக்கட்டைகளும் குட்டிக் கூஜாக்களும் வந்து இறங்கின. ஒரு கூஜாவிலிருந்து இன்னொரு கூஜாவுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது முதல் பாடம். குழந்தை சிந்தவே இல்லை. மொத்தத்தையும் ஆபீஸ் லேப்டாப்பில் ஊற்றியது. வீட்டுக்கல்விக்கு அத்தோடு விடுமுறை.

அடுத்தது மொட்டை மாடிக் கல்வி வட்டம். பெற்றோரே ஆளுக்கொரு நாள் வகுப்பெடுப்பதாக ஏற்பாடு. ரோபோட்டிக்ஸுக்கு மூன்று பேர், சதுரங்கத்துக்கு நாலு பேர் கை தூக்கினார்கள். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்கைத் துடைக்க ஒருவரும் தூக்கவில்லை. குழுவுக்குப் பெயர் 'தளிர்' என்றா 'துளிர்' என்றா என்பதில் சண்டை மூண்டு, வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்தது. இரண்டிலும் இவர்தான் அட்மின்.

ஒரு சனிக்கிழமை இவர் ஃபின்லாந்து கல்விமுறை பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளி. பிரின்சிபல் தொலைநோக்குத் திட்டம் பற்றி ஆரம்பிப்பதற்குள், "பசங்க போற டாய்லெட்டைக் கொஞ்சம் பாக்கலாமா மேடம்?" என்றார். பார்த்தார். தரை காய்ந்திருந்தது, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது, வாளியில் தண்ணீர் இருந்தது. வெளியே நின்ற ஆயாவிடம் எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "பன்னெண்டு வருஷமாச்சும்மா." ஃபீஸ் கட்டி ரசீதோடு வந்தார்.

"ஏங்க, யூனிபார்ம் துணி நாளைக்கு வாங்கணும்."

"அது எந்த போர்டு?"

"அதைக் கேக்கலையேங்க."

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளி திறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை லிப்டில் பார்த்தேன். ஆறாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவரை, கைக்குழந்தையோடு மூலையில் மடக்கி நிறுத்தியிருந்தார்.

"அவசரப்பட்டு எங்கேயும் சேத்துடாதீங்க சார். நான் ஒரு வருஷம் அலசிட்டுத்தான் முடிவெடுத்தேன். ஷீட் அனுப்புறேன், பாருங்க. ஆனா நேர்ல போனா முதல்ல டாய்லெட்டைப் பாருங்க. அது நானே கண்டுபிடிச்ச மெத்தட்."