ஐந்நூற்றோராவது யூனிட்: சிதம்பரத்துக் காத்து மெஷின் பற்றிய ஓர் ஆய்வு

சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் அக்கா வீடு. ஒரு சித்திரை முடிவில் அங்கே வந்த இரண்டு மாதக் கரண்டு பில் 5,430 ரூபாய். அதற்கு முந்தைய பில் 1,545. இடையில் அந்த வீட்டுக்குள் புதிதாக நுழைந்தது ஒன்றே ஒன்று: டில்லியில் வேலை பார்த்த மகன் பெங்களூருக்கு மாற்றலானபோது, ‘இனிமே எங்களுக்குத் தேவைப்படாது’ என்று பார்சலில் அனுப்பிவைத்த காற்றுச் சுத்திகரிப்பான். முழங்கால் உயரம், வெள்ளை நிறம், உச்சந்தலையில் ஒரு சின்ன விளக்கு. அக்கா அதைக் ‘காத்து மெஷின்’ என்றாள். இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைக்காததால் இவ்வாய்வும் அதையே கையாள்கிறது.

மாமா வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவர். விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்: “எல்லாம் அந்த மெஷின் பண்ற வேலை.” அக்கா எனக்குப் போன் போட்டாள். “நீ ஒரு எட்டு வந்து பாருடா தம்பி. அதைத் தூக்கிப் பரண்ல போடப் போறேங்கறாரு. புள்ள கேட்டா நான் என்னத்தச் சொல்றது?” ஆய்வுச் சிக்கல் இவ்வாறு உருவாயிற்று. நிதி நல்கை: கடலூர் திருப்பாப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் டிக்கெட், ஆய்வாளரின் சொந்தப் பையிலிருந்து.

முதலில் அதிகார வரம்பைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பூதத் தலங்களில் வாயுவுக்கு உரியது காளஹஸ்தி. சிதம்பரம் ஆகாயத் தலம். இங்கே திரையை விலக்கினால் தொங்குவது பொன் வில்வ மாலை, அதற்குப் பின்னால் இருப்பது வெறும் வெளி. எனவே காற்று தொடர்பான புகார்களை காளஹஸ்திக்கு அனுப்பிவிட்டு இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்திருக்கலாம். முடிக்க விடாமல் தடுத்தது பொன்னம்பலத்தின் கூரை.

அந்தக் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்பது மரபு. ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை அது என்பார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு, நாளுக்கு 1,440 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் பைசா பிசகாமல் 21,600. காற்று நுகர்வுக்கு ரீடிங் எடுத்துக் கூரைமேல் எழுதி வைத்த ஊர் வேறு இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. இன்னொன்று. மெஷின் நிற்கும் படுக்கையறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. கன அடியில் 1,440. இதைக் கண்டுபிடித்தபோது இரவு பதினொரு மணி. மாமாவை எழுப்பிச் சொன்னேன். “அதுக்கென்ன இப்போ?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். இதைவிட மெலிந்த ஒற்றுமைகளின் மேல் முனைவர் பட்டங்கள் எழுந்து நிற்கின்றன என்பதை அவர் அறிய மாட்டார்.

ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் என்று வைத்தால் ஒரு ஆளின் ஒரு நாள் காற்று 10,800 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 கன மீட்டர். காத்து மெஷினின் முதுகில் ஒட்டிய தாளின்படி அது மணிக்கு 300 கன மீட்டரைச் சலிக்கும். ஆக, மாமாவின் ஒரு நாள் மூச்சு முழுவதையும் அது இரண்டே கால் நிமிடத்துக்குள் சலித்துவிடுகிறது. அக்காவுக்கும் அதே அளவு. மிச்சமுள்ள இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அது யாருக்காக உழைக்கிறது? அறையில் எஞ்சிய ஒரே உயிர் டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பல்லி. சலித்த காற்றில் மறுபடி தூசி கலக்கிறது, அதனால்தான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்று நிபுணர்கள் விளக்குவார்கள். விளக்கம் சரிதான். பல்லிக்கும் அது பொருந்தும்.

(காற்றை மொத்தமாக மாற்றியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு: 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவு வேகத்தில் கடலூர் மாவட்ட வீடுகளின் காற்றைச் சில மணி நேரத்தில் மாற்றித் தந்தது, பல வீடுகளில் கூரையையும் சேர்த்து. மின்செலவு பூஜ்யம். அதன் பிறகு பல நாள் மின்சாரமே இல்லை.)

இனிக் குற்றச்சாட்டு. மெஷின் முழு வேகத்தில் 40 வாட். கீழ்வேகத்தில் 10 வாட் அளவுதான். அதே அறையின் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் குடிக்கிறது. அதன்மேல் இதுவரை யாரும் பராதி கொடுத்ததில்லை. 40 வாட்டை இருபத்து நாலு மணி நேரம், அறுபது நாள் விடாமல் ஓட்டினாலும் 57.6 யூனிட். மாமா வீடு வழக்கமாக 470 யூனிட் ஓடும் வீடு. 58 யூனிட்டைச் சேர்த்தால் 528. இவ்வளவு சின்னப் பூச்சி 1,545ஐ 5,430 ஆக்கியிருக்க முடியாது.

ஆனால் பூச்சியும் கடிக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தை ஒரு தத்துவ நூலாகவே பாவித்துப் படிக்க வேண்டும். அந்த பில்கள் வந்தபோது நடப்பில் இருந்த 2022 செப்டம்பர் கட்டணத்தையே இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். மாமா சுவரில் ஒட்டியிருப்பது அதுதான், அதன் மேல் பேனாவால் எதையும் திருத்த அவர் விடுவதில்லை. முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,725. 501வது யூனிட் விழுந்ததும் இரண்டாவது நூறுக்குக் கொடுத்த சலுகையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் 4.50 ஆகிவிடும். பில் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். நம் மெஷின் அதைக் குடிக்க இருபத்தைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

எனவே ‘காத்து மெஷினுக்குக் கரண்டு எவ்வளவு ஆகும்?’ என்ற கேள்விக்கு வாட்டில் பதில் கிடையாது. எதிர்வீட்டுப் பாட்டி தனியாள். ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்து இரவு பகலாக ஓட்டினாலும் 98தான் வரும், பில் பூஜ்யம். 300 யூனிட் ஓடும் பக்கத்து வீட்டில் அதுவே 261 ரூபாய். மாமா வீட்டில் 629. மெஷின் ஒன்று, காற்று ஒன்று, சந்தும் ஒன்று. பாட்டியிடம் இந்த முடிவைத் தெரிவித்தபோது, “எனக்கு எதுக்குப்பா அது, எங்கூட்டுக் கதவே சாத்தறதில்லியே” என்றார். ஆய்வு திசை திரும்பியது அந்த வாக்கியத்தில்தான்.

மெஷினோடு வந்த சிறு புத்தகம் கதவு ஜன்னல்களைச் சாத்திவைக்கச் சொல்கிறது. நியாயம்தான், திறந்த வீட்டில் வைத்தால் அது கீழ வீதியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடும். கோப்பு மனிதரான மாமா எழுத்தில் உள்ளதை மீற மாட்டார். பங்குனி பிறந்ததும் படுக்கையறையின் கிழக்கு ஜன்னல் மூடப்பட்டது. முன்பெல்லாம் கோடை வந்தால் நொச்சிக்காட்டுப் பக்கமிருந்து வாங்கிவந்த வெட்டிவேர்த் தட்டி அதில் தொங்கும். ஒரு குவளைத் தண்ணீர் தெளித்தால் போதும். அதைச் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டாயிற்று. பங்குனிச் சிதம்பரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? மகன் குடும்பம் வந்தால் மட்டும் ஓடுகிற ஏசி, தினமும் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடத் தொடங்கியது. மணிக்கு முக்கால் யூனிட் என்றாலும் அறுபது ராத்திரிக்கு 360. கூட்டிப் பாருங்கள்: 470, 58, 360. மொத்தம் 888. பில் 5,430. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். குற்றவாளி சுவரின் உச்சியில் உட்கார்ந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருக்க, தரையில் நின்றவனைப் பிடித்து விசாரித்திருக்கிறார்கள்.

ஃபில்டர் தனி. வருடத்துக்கு ஒரு முறை மாற்ற 2,400 ரூபாய் என்றால் ஒவ்வொரு பில்லுக்கும் 400. பக்கத்து வீட்டில் மெஷின் குடிக்கும் கரண்டைவிட அது அதிகம்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தூசி குறைந்தால் பச்சை, கூடினால் சிவப்பு. மூன்று நாள் அதன் எதிரில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். வீதியில் லாரி போனபோது அது அசையவில்லை. அக்கா அடுப்பில் நெத்திலிக் கருவாடு போட்டதும் சிவந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குச் சிவந்தது. சாயங்காலம் மாமா எதிர் மூலையில் கொசுவர்த்தி கொளுத்தியபோது சிவந்தது சிவந்தபடியே நின்று, மெஷின் ஹோவென்று இரைய ஆரம்பித்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவு என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஒரு மூலையில் 40 வாட் செலவில் சலித்து, எதிர் மூலையில் தீக்குச்சிச் செலவில் நிரப்பும் இந்தச் சமநிலையை மாமா இரண்டு மாதமாகக் கட்டிக் காத்துவந்திருக்கிறார். மூடிய அறையில் இருவர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை மெஷின் கண்டுகொள்வதே இல்லை. அது தூசிக்கென்று பிறந்தது. இதன் உள்ளே இருக்கும் ஹெப்பா காகிதத்தின் முன்னோர், 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க வந்தவர்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை மறிக்கும். வாயு அதற்குள் நுழைந்து வெளியேறிவிடும். வாயுவுக்கென்று ஒரு மெல்லிய கரித்தாள் உண்டு. அதன் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும்.

திரும்பும் பஸ்ஸில் மீதியைத் தெரிந்துகொண்டேன். கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. அந்த இடம் நெருங்கும்போது யாரும் எதையும் சொல்ல வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்தவர் முழித்துக்கொள்வார். பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையை மூக்கில் வைப்பார். ஷட்டர்கள் படபடவென்று ஒவ்வொன்றாக இறங்கும். அழுகிய முட்டைக்கோசு போல ஒரு நாள், நகப்பூச்சு போல ஒரு நாள். சில நிமிடத்தில் ஷட்டர்கள் மேலேறிவிடும், பஸ் தாண்டிப் போய்விட்டது. குடிகாடும் ஈச்சங்காடும் செம்மங்குப்பமும் தாண்டிப் போவதில்லை. 2004இல் அந்தக் கிராமத்துக்காரர்கள் ‘சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று சேர்ந்து, ஒரு வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எந்த வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வைத்தார்கள். அளவுகோல் அவரவர் மூக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்கு 77.45 கிடைத்தது. நூற்றுக்கு எழுபதைத் தாண்டினால் மிக மோசம் என்று பொருள்படும் பரீட்சை அது. காத்து மெஷினை அங்கே ஒரு வீட்டில் வைத்தால், வாடை அடிக்கும் ராத்திரியிலும் அது பச்சை விளக்கோடு நிற்கக்கூடும். கருவாட்டுக்குச் சிவக்கும் விளக்கு அது. இதில் நகைச்சுவைக்கு இடமில்லை என்பதால் ஆய்வாளர் அடுத்த பகுதிக்குச் செல்கிறார்.

அக்காவிடம் முடிவுகளைச் சமர்ப்பித்தேன். ஏசியை நிறுத்தினார்கள். மெஷினைக் கீழ்வேகத்தில் வைத்தார்கள். ஜன்னலை மட்டும் மாமா திறக்க மறுத்துவிட்டார், புத்தகத்தில் எழுதியிருக்கிறதே. வைகாசியும் ஆனியும் வேர்வையில் கழிந்தன. ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் மீட்டர் 497 காட்டியது. அன்றிலிருந்து கிரைண்டர் நின்றது, இட்லிக்குப் பாட்டி வீட்டில் மாவாட்டினார்கள். டிவி நின்றது. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிச் சுற்றி வைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருக்க, மாமா பனைவிசிறியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்கு ரீடிங் எடுப்பவர் வந்தார். மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதினார். 499. மாமா எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தண்ணி குடுங்கம்மா. என்ன சார் வீடு இப்படிப் புழுங்குது? அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்களேன், காத்து வரட்டும்.”

கொக்கியை நீக்கப்போன அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில், கட்டைவிரல் பருமனில், ஈரம் காயாத மண்ணில் குளவி கூடு கட்டியிருந்தது.

“வேணாம். யாரும் இதத் தொடக் கூடாது,” என்றாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும். பெங்களூரில் மருமகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

“ரீடிங் எடுத்தாச்சில்ல? ஏசியப் போடுங்க.”