நகைக்கடன் தராத பேங்க்

சேலியமேட்டுப் பையன் ஒருவன், பி.காம். இரண்டாம் ஆண்டு, பெங்களூரில் ஒரு முதலீட்டு வங்கி நடத்திய இரண்டு நாள் ‘இன்சைட் புரோகிராமு’க்குப் போய்வந்தான். கழுத்தில் அட்டை, கையில் வங்கி பேர் போட்ட தண்ணீர் பாட்டில், லிங்க்டுஇன்னில் நீளமான நன்றியுரை.

வீடு திரும்பியதும் அவன் ஆயா நேரே விஷயத்துக்கு வந்தார்.

“நகை வெச்சா எவ்ளோ தருவாங்க?”

“அங்க நகைக்கடன் இல்ல ஆயா.”

“பணம் போட்டு வெச்சா?”

“நாமெல்லாம் போட முடியாது.”

“அப்புறம் என்னாத்துக்குடா பேங்க்கு?”

கம்பெனிகள் பங்கு வெளியிடவும், ஒன்றையொன்று வாங்கவும் யோசனை சொல்லிக் கட்டணம் வாங்குவார்கள் என்று விளக்கினான். “தரகுன்னு சொல்லேன்” என்று வெற்றிலையை மடித்தார். இரண்டு நாள் வகுப்பில் இந்தத் தெளிவை யாரும் தரவில்லை.

2008 செப்டம்பர் 15 அன்று, 158 வயது முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் 60,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு திவால் மனு போட்டதே, ஏன் என்று அந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்டாளாம். உடனே டீ பிரேக். ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’டை இவன் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மாணவருக்குக் கொடுப்பது புதிதல்ல: சேலியமேட்டுக்குப் பக்கத்துப் பாகூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டின்படி, மாணவர் படிக்கும் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களையே எழுதிவைத்தார்கள். அது ஒன்பதாம் நூற்றாண்டு. பாட்டில் கொடுக்கும் வழக்கம் வந்திருக்கவில்லை.

இப்போது பையன் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறான். ‘உங்கள் பேச்சுவார்த்தைத் திறனுக்கு ஓர் உதாரணம்?’ என்ற இடத்தில், ஆடித் திருவிழாவுக்கு மைக்செட் வாடகையைக் குறைத்த கதையை எழுதியிருக்கிறான். உண்மையில் குறைத்தது ஆயா.